பாதி இடிந்த சத்திரத்தை இன்னும் காப்பாற்ற முடியுமா?

தஞ்சாவூர் மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஒன்பது பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் நீக்கி, அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தந்தை, இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காகக் கட்டிய சத்திரம் ஊரின் கீழவீதியில் இருக்கிறது. வாசலின் இருபுறமும் திண்ணை, எட்டு மரத்தூண்கள், நடுவில் முற்றம், பின்கட்டில் சமையற்கூடம், அதையொட்டிக் கிணறு. யாத்திரிகர் வரத்து நின்றபின் அங்கே பள்ளிக்கூடம் நடந்தது. கடிதம் எழுதியவரே அந்தத் திண்ணையில்தான் ஒன்றாம் வகுப்புப் படித்தவர். பிறகு ரேஷன் கடை வந்தது. 2009 வாக்கில் ஊராட்சி சுவர்களுக்கு சிமெண்ட் பூசியது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது கூரையின் ஒரு மூலை சரிந்தது. அன்றிலிருந்து கட்டடம் பூட்டிக் கிடந்தது. சில மாதங்களுக்கு முன் நடந்த கிராம சபையில், அந்த இடத்தில் சமுதாயக் கூடம் அமைப்பது குறித்த தீர்மானம் வாசிக்கப்பட்டது. இவரும் கையெழுத்திட்டார். ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜேசிபி வந்தது. பதினோரு மணிக்குள் திண்ணையும் முன்கட்டும் மண்மேடாகிவிட்டன. மின் இணைப்பைத் துண்டிக்காமல் வந்துவிட்டதால் மீதி வேலை நின்றது. அன்றிரவே இவர், வாசல் நிலையருகே பதித்திருந்த நான்கு வரிக் கல்வெட்டுக் கல்லை டிராக்டரில் ஏற்றி வந்து தம் மாட்டுக்கொட்டகையில் வைத்திருக்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை: மீதியைத் தடுத்து நிறுத்த முடியுமா? நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டதுதானே? எங்கள் முன்னோர் கட்டியதை எங்களிடமே திருப்பித் தரும்படி கேட்கலாமா? இடித்தவர்களைத் தண்டிக்க முடியுமா? கையெழுத்துப் போட்ட நானும் இதற்கு உடந்தையா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் முன்கட்டைப் பற்றி ஏழு பக்கங்கள் எழுதியிருக்கிறீர்கள்; பின்கட்டைப் பற்றி நான்கே வரிகள்தான். நீங்கள் படித்த திண்ணை கண்ணெதிரே சரிந்த வலியில் வேறெப்படி எழுத முடியும்? ஆனால் வழக்கறிஞராக என் கண் அந்த நான்கு வரிகளில்தான் நிற்கிறது. சமையற்கூடம் நிற்கிறது, முற்றத்தின் மூன்று பக்கத் தாழ்வாரம் நிற்கிறது, கிணறு இருக்கிறது. மின்வாரியத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து இணைப்பைத் துண்டிக்க எத்தனை நாள் ஆகுமோ, அத்தனை நாள்தான் உங்களுக்கு இருக்கும் அவகாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, உடனே செய்ய வேண்டியதிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த வாரத்தில் செய்ய வேண்டியது

ஒரே பக்கத்தில் ஒரு மனு எழுதுங்கள். புல எண், இடிப்பு நடந்த தேதி, இன்னும் நிற்கும் பகுதிகள், கல்வெட்டு இருந்தது என்ற செய்தி ஆகியவை போதும். மூன்று கோரிக்கைகள் மட்டும் வையுங்கள்: மேற்கொண்டு இடிப்பதை நிறுத்த வேண்டும், தொல்லியல் துறை நேரில் ஆய்வு செய்ய வேண்டும், அதுவரை நிற்கும் பகுதியைச் சுற்றி வேலியிட்டு முட்டுக் கொடுக்க வேண்டும். இதை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். அவர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, விதிமீறலான ஊராட்சித் தீர்மானத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நேரில் கொடுத்து, பதிவு எண்ணுடன் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நகல்களை வருவாய்க் கோட்டாட்சியர், வட்டாட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலர், மாநிலத் தொல்லியல் துறை ஆணையர் ஆகியோருக்கு ஒப்புகைச் சான்றுடன் கூடிய விரைவஞ்சலில் அனுப்புங்கள். மனு கொடுத்தாலே வேலை நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் உயர் நீதிமன்றம் போனால் நீதிபதி முதலில் கேட்கப்போவது, "அதிகாரிகளிடம் முறையிட்டீர்களா?" என்பதுதான். அந்த ஒப்புகைச் சீட்டுதான் அதற்கு விடை.

மனுவுக்கு இரண்டு மூன்று நாட்களில் அசைவு இல்லையென்றால் நீதிமன்றம் போக வேண்டியதுதான். உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கும் வழி ஒன்று உண்டு. அரசை எதிர்த்து வழக்குப் போடுவதற்கு முன் இரண்டு மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்ற விதி உங்களைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80(2)-ஆம் பிரிவின்படி அவசர நிலையில் நீதிமன்றத்தின் அனுமதியோடு அதைத் தவிர்க்கலாம் என்று சொல்லுங்கள். ஆனாலும் உங்கள் நிலையில், அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை (ரிட்) மனு தாக்கல் செய்வதையே நான் தேர்ந்தெடுப்பேன்; தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது. எதிர்த்தரப்பில் ஊராட்சி, வருவாய்த் துறை, தொல்லியல் துறை என்று பல அலுவலகங்கள் இருக்கும்போது, எல்லோரையும் ஒரே ஆணையில் கட்டுப்படுத்தும் வசதி அங்கேதான் இருக்கிறது.

ஊரில் கையெழுத்து வேட்டை நடத்திவிட்டுப் பிறகு வரலாம் என்று நினைக்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்மண்டபத்துக்காக என்னிடம் வந்தவர்கள் மூன்று வாரம் கையெழுத்துச் சேர்த்துவிட்டு வந்தார்கள். புதன்கிழமை பிற்பகல் இடைக்காலத் தடை கிடைத்தது. செவ்வாய் இரவே மண்டபம் தரைமட்டமாகியிருந்தது. நானூறு கையெழுத்துகள் கொண்ட அந்தக் கட்டு இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

நூறு ஆண்டு என்ற எண்ணிக்கை

நூறு ஆண்டு கடந்த கட்டடம் தானாகவே பாதுகாக்கப்பட்டதாகிவிடும் என்று நம்புகிறீர்கள். படித்தவர்களிடம்கூட இந்த எண்ணம் பரவலாக இருக்கிறது. இதனாலேயே பல கட்டடங்களை இழந்திருக்கிறோம். மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும், நம் மாநிலத்தின் 1966-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டமும் நூறு ஆண்டை ஒரு தகுதியாகத்தான் சொல்கின்றன. தகுதியுள்ள கட்டடத்தை அரசு தேர்ந்தெடுத்து, பாதுகாக்கும் எண்ணத்தை முதலில் அறிவித்து, ஆட்சேபணைகளைக் கேட்டு, பிறகு அரசிதழில் இறுதியாக அறிவித்தால்தான் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாகும். சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குக் கட்டடத் தடை என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பதும், மத்திய சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு உரியது. 2012-இல் நம் சட்டமன்றம் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. தொல்லியல் பட்டியலில் சேராத பழைய கட்டடங்களை மனத்தில் வைத்து வந்த சட்டம் அது. நடைமுறைக்கு வரவே அதற்கு நெடுங்காலம் ஆயிற்று. உங்கள் சத்திரத்தை எந்தப் பட்டியலிலும் சேர்க்கக் கோரி இதுவரை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. எனவே உங்கள் மனுவின் இரண்டாவது பக்கமாக அந்தக் கோரிக்கையையும் சேர்த்துவிடுங்கள். மரபுக் கட்டடங்களுக்காக 1984 முதல் இயங்கும் இன்டாக் போன்ற அமைப்பு ஒரு கட்டடத்தைப் பட்டியலிட்டால் அது நல்ல சான்றாகும்; ஆனால் அந்தப் பட்டியலுக்குத் தானாகச் சட்ட வலு கிடையாது.

அறிவிக்கை இல்லையென்றால் நீதிமன்றம் கைவிரித்துவிடும் என்பதும் உண்மையில்லை. சென்னை அண்ணா சாலையில் 1897-இல் கட்டப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். இன்டாக் வழக்குத் தொடர்ந்தது. 2010-இல் உயர் நீதிமன்றம் அதை இடிக்கக் கூடாதென்று தீர்ப்பளித்தது. அதுவும் தொல்லியல் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட சின்னமல்ல. இடிப்புத் தொடங்கிய பிறகு காப்பாற்றப்பட்ட கட்டடம்தான். நம்பிக்கைக்காக இதைச் சொல்லும்போதே, இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். நகரத்துக் கட்டடத்துக்கு நகரமைப்பு விதிகளும், முன்பே தயாரான மரபுக் கட்டடப் பட்டியலும் துணை நின்றன. கிராமத்துக்கு அந்த வசதி இல்லை. மேலும், தீர்ப்பு வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்தக் கட்டடம் சீரமைக்கப்படாமலே நின்றது. இடிப்பதற்குத் தடை வாங்குவது ஒரு வேலை. பழுதுபார்க்க வைப்பது அதைவிடப் பெரிய வேறொரு வேலை.

இனி, வயதை நிறுவுவது பற்றி. கல்வெட்டில் "பிரமாதி வருடம் தை மாதம்" என்று இருப்பதாகவும், அது 1879 என்று உங்கள் தாத்தா சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். பிரமாதி 1879 ஏப்ரலில் பிறந்தது, 1819-லும் பிறந்தது, 1939-லும் பிறந்தது. அப்படியானால் அந்தத் தை மாதம் 1880, 1820, 1940 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரராக இருந்தால், "1940-இல் கட்டியது, நூறு ஆண்டே ஆகவில்லை" என்று வாதிடுவார். கல்வெட்டில், சுழன்று வராமல் தொடர்ந்து எண்ணப்படும் சக ஆண்டோ கலி ஆண்டோ கூடக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காகிதத்தைத் தேட வேண்டும். 1858-இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம் 1860-களில் ஊர் ஊராகத் தர்மாதாய இனாம்களை, அதாவது தர்மத்துக்கு விடப்பட்ட நிலக்கொடைகளை, விசாரித்துப் பதிவேடு எழுதியது. உங்கள் சத்திரத்துக்கு நிலம் விடப்பட்டிருந்து அந்தப் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தால், கட்டடம் நீங்கள் நினைப்பதைவிட அறுபது ஆண்டு மூத்தது என்றாகும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் மாவட்ட ஆட்சியரக ஆவண அறையிலும் கேளுங்கள். கிராம நிலங்களின் விவரம் அடங்கிய இப்போதைய "அ" பதிவேட்டை வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பார்த்துவிடலாம். அந்தப் புல எண்ணின் எதிரே "சத்திரம்" என்ற ஒரு சொல் இருந்தால் அது வழக்குக்குப் பெரும் பலம்.

"பழுது" என்ற சான்று

கட்டடம் உறுதியற்றது என்று பொறியாளர் சான்று கொடுத்துவிட்டதால் எதிர்த்துப் பேச இடமில்லை என்று ஊராட்சித் தலைவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சான்றின் நகலைக் கேளுங்கள். எந்தச் சோதனையின் அடிப்படையில், எந்தப் பகுதிக்கு அது தரப்பட்டது என்று பாருங்கள். கஜாவில் சரிந்த தென்மேற்கு மூலைக்குத் தந்த சான்றை வைத்து, சரியாத சமையற்கூடத்தை இடிக்க முடியாது.

நான் பொறியாளன் அல்லன். ஆனால் இத்தகைய வழக்குகளில் திரும்பத் திரும்பக் கற்ற ஒன்று உண்டு. உங்கள் சத்திரத்தின் கூரை, மர உத்தரங்களுக்கு மேல் செங்கற்களைக் குத்துக்கல்லாகச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்டுத் தட்டிய மெட்ராஸ் டெரஸ் வகை. சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் எழுந்தவை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைத்த காரை அது. இந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், பிறகு வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால், வாங்கிய ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் செங்கல்லைப் பொரிய வைக்கும். 2009-க்குப் பிறகுதான் சுவர் உதிரத் தொடங்கியது என்று நீங்கள் எழுதியதை இதனோடு சேர்த்துப் பாருங்கள். நல்ல எண்ணத்தில் செய்த பழுதுபார்ப்பே பழுதுக்குக் காரணமாக இருந்திருக்கக் கூடும். இதைச் சுண்ணாம்புக் கட்டுமானம் தெரிந்த பொறியாளர்தான் சொல்ல வேண்டும். பொதுப்பணித் துறையில் மரபுக் கட்டடங்களுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. 2012-இல் தீப்பிடித்த சேப்பாக்கம் கலச மகாலைப் புதுப்பித்து எழுப்பியது பொதுப்பணித் துறைதான். தீயில் வெந்த மாளிகையை மீட்க முடிந்தவர்களிடம் உங்கள் சத்திரத்தைப் பார்க்கச் சொல்லும்படி நீதிமன்றத்தைக் கேட்பது பேராசை ஆகாது.

அதேசமயம், ஆபத்து இல்லை என்று நீங்களும் சொல்லிவிடக் கூடாது. முன்கட்டு போனதால் தாழ்வாரத்துக் குறுக்குச் சுவர்கள் தாங்கலை இழந்து நிற்கின்றன. உச்சி திறந்துகிடக்கும் சுண்ணாம்புச் சுவர் வடகிழக்குப் பருவமழையில் ஊறினால் சரியும். ஒரு குழந்தைக்கு அடிபட்டாலும் உங்கள் வழக்கு அன்றோடு முடிந்தது. அதைவிட முக்கியம், அந்தக் குழந்தை. வேலியும் முட்டும் தார்ப்பாய் மூடாக்கும் வேண்டும் என்று முதல் மனுவிலேயே கேட்கச் சொன்னது இதனால்தான்.

கட்டியவரின் வாரிசும் தர்மமும்

"எங்கள் சொத்தை எங்களிடமே தரச் சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, இந்த வாக்கியத்தை எந்த மனுவிலும் எழுதாதீர்கள். உங்கள் முன்னோர் கட்டி ஊருக்கும் வழிப்போக்கருக்கும் விட்ட நாளிலேயே அது உங்கள் குடும்பத்தின் சொத்தாக இருப்பது நின்றுவிட்டது. பொதுத் தர்மத்துக்குக் கொடுத்தது, தர்மம் நடக்காமல் போனதாலேயே கொடுத்தவர் வாரிசுக்குத் திரும்பி வருவதில்லை. நீங்கள் உரிமை கோரினால் வழக்கு இரண்டு தரப்பின் சொத்துத் தகராறாகச் சுருங்கிவிடும். பொதுநல மனு என்றால் தனிநலம் ஏதும் இல்லை என்று நீங்கள் உறுதிமொழி தர வேண்டியிருக்கும், அதற்கும் இது நேர்முரண்.

ஆனால் இதே சட்டம் ஊராட்சிக்கும் பொருந்தும், உங்கள் வலிமையான வாதம் இதில்தான் இருக்கிறது. தர்மத்துக்கு விடப்பட்ட இடம் ஊராட்சியின் விருப்பப்படி வேறு பயன்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளக் கூடிய வெற்றிடம் ஆகாது. 1817-லேயே சென்னை மாகாண அரசு தன் 7-ஆம் ஒழுங்குமுறையில், சத்திரம் சாவடிகளையும் அவற்றுக்கு விட்ட நிலங்களின் வருமானத்தையும் வேறு வழியில் போகாமல் காக்கும் பொறுப்பை வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. அந்த ஒழுங்குமுறை இன்று பழங்கதை. அதன் கருத்து மட்டும் இன்றைய சட்டங்களிலும் தொடர்கிறது. உங்கள் சத்திரம் கோயில் கட்டளை (குறிப்பிட்ட தர்மத்துக்காகக் கோயிலில் ஏற்படுத்திய அறக்கொடை) ஒன்றோடு இணைந்தது என்று ஆவணம் காட்டினால், 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் குறுக்கே வரும். அதன் 34-ஆம் பிரிவுப்படி, விற்பனை, பரிமாற்றம், அடமானம், 5 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் அறநிலையத் துறை ஆணையரின் ஒப்புதல் இன்றிச் செல்லாது. கோயில் தொடர்பில்லாத தனித்த பொதுத் தர்மம் என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்கீழ், தர்மத்தில் அக்கறையுள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் நீதிமன்ற அனுமதியோடு வழக்குத் தொடரலாம். நிறுவியவரின் வழிவந்தவர் என்ற உங்கள் உறவு இங்கேதான் பயன்படும். சொத்தின் சொந்தக்காரராக அல்லாமல், தர்மம் நடக்கிறதா என்று கேட்கும் தகுதியுடையவராக நில்லுங்கள். கட்டடம் முழுவதும் போயிருந்தாலும் இந்த வழி அடைபட்டிருக்காது என்பதையும் கவனியுங்கள்.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பது மூல ஆவணத்தைப் பொறுத்தது. தானப் பத்திரமோ தர்மசாசனமோ உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா என்று, சென்னையிலுள்ள உங்கள் தம்பியையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள்.

தண்டனையும் மறுகட்டுமானமும்

இங்கே உங்களுக்கு ஏமாற்றம் தரும் பதிலைத்தான் சொல்ல முடியும். அறிவிக்கப்பட்ட மத்தியச் சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் கட்டடம் அறிவிக்கப்படாதது. தீர்மானத்தின் பேரில் செய்தோம் என்பவர்கள்மீது குற்ற வழக்கு நிற்பது கடினம். ஓட்டுநர்மீது புகார் கொடுப்பதோ அநியாயம், அவர் கூலிக்கு வந்தவர். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. தேக்குத் தூண்கள் எட்டும் எங்கே? இடிபொருள்களுக்கு மதிப்பீடு போடப்பட்டதா, ஏலம் அறிவிக்கப்பட்டதா, பணம் ஊராட்சிக் கணக்கில் ஏறியதா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் இவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பதில் வருமுன் தூண்கள் எங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன என்று படம் எடுத்து வையுங்கள். அவை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்ற கோரிக்கையைப் பேராணை மனுவில் சேர்க்கலாம். தூண்களும் நிலைகளும் இருந்து, பழைய புகைப்படங்களும் இருந்தால், முன்கட்டை மீண்டும் எழுப்பும் பேச்சுக்குப் பொருள் உண்டு. பள்ளி நாட்களின் குழுப் படங்களை உங்கள் பழைய மாணவர்களிடம் கேளுங்கள். அவற்றின் பின்னணியில் தெரிகிற தூணும் அதன் தலையிலுள்ள போதிகைக் கட்டையும்தான் நாளைக்கு வரைபடம்.

உங்கள் கையெழுத்தைப் பற்றி. கிராம சபையில் நீங்கள் இட்டது வருகைப் பதிவா, தீர்மானத்துக்கான ஒப்புதலா என்று பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும். "சமுதாயக் கூடம் அமைப்பது" என்று மட்டுமே வாசிக்கப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தீர்மான வாசகத்தில் "இடிப்பது" என்ற சொல்லே இல்லையென்றால், உங்கள் குற்ற உணர்வுக்கு இடமில்லை என்பதோடு, இடிப்புக்கு அதிகாரமே இல்லை என்ற வாதமும் நமக்குக் கிடைக்கிறது. இருந்தால், அடுத்த கிராம சபையில் உங்கள் மறுப்பை எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

ஊரோடு பேசுவது

உங்கள் மகன், "ஊரைப் பகைத்துக்கொள்ளாதே அம்மா" என்கிறார். அவர் கவலையில் நியாயம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு கல்யாணத்தையோ காரியத்தையோ நடத்தக் கூரையில்லாத குடும்பங்களுக்குச் சமுதாயக் கூடம் உண்மையான தேவை. அதை எதிர்ப்பவராக உங்களைக் காட்டிவிட்டால் நீதிமன்றத்தில் வென்றாலும் ஊரில் தோற்பீர்கள். ஊரில் வேறு புறம்போக்கு இடம் எது இருக்கிறது என்று நீங்களே தேடி, புல எண்ணோடு மனுவில் எழுதுங்கள்.

இன்னொன்றையும் தயக்கத்தோடு சொல்கிறேன். "ஊரே சோறு உண்ட சத்திரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் கம்பெனி அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், தம் சத்திரங்களில் எல்லாச் சாதியினருக்கும் உணவு வழங்கப்படுவதாகக் குறிப்பிட்டார். ஒரத்தநாட்டில் அவர் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. ஆனால் எல்லாச் சத்திரமும் அப்படி நடக்கவில்லை. பல இடங்களில் யார் கூடத்தில் உண்ணலாம், யார் கொல்லைப்புறத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கோடு இருந்தது. இடிப்புக்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் பெரும்பாலோர் தெற்குத் தெருக்காரர்கள் என்ற ஒரு வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய பாட்டன் பாட்டிகளுக்கு அந்தத் திண்ணையில் உட்கார இடம் இருந்ததா என்று, வாதிடாமல், போய்க் கேளுங்கள். இல்லை என்பது பதிலானால், மீட்கப்படும் கட்டடம் அவர்கள் பிள்ளைகளின் படிப்பகமாகவோ நூலகமாகவோ திறக்கப்படும் என்பதை உங்கள் கோரிக்கையிலேயே எழுதுங்கள். தலைமையாசிரியையான உங்களிடம் படித்தவர்கள் அந்தத் தெருவிலும் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் மனுவில் உடன் கையெழுத்திட்டால், என் வாதத்தைவிட அது வலிமையானது.

மாட்டுக்கொட்டகையில் இருக்கும் கல்

குப்பையோடு லாரியில் போயிருக்க வேண்டிய கல்லைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அதற்காக உங்களை வணங்குகிறேன். ஆனால் இப்போதைய நிலையில், பொதுச் சொத்தின் ஒரு பகுதி உங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் இருக்கிறது. நூறு ஆண்டு கடந்த கல்வெட்டு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை எடுத்தது திருட்டு என்று யாராவது புகார் எழுதுமுன் நீங்களே எழுதிவிட வேண்டும். எந்த நாளில், எந்த இடத்திலிருந்து, எதற்காக எடுத்தீர்கள், யார் உடனிருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறது என்று வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் கடிதம் அனுப்பி, முறைப்படி பெற்றுக்கொள்ளவோ அங்கேயே வைத்திருக்க எழுத்தில் அனுமதிக்கவோ கேளுங்கள். இடிப்பிடத்தில் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து ஏதேனும் கிடைத்தாலும் இதேபோல் தெரிவிக்க வேண்டும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிப்பது கட்டாயம்.

கல்லைக் கழுவித் தேய்க்க வேண்டாம். எழுத்துக்குச் சுண்ணாம்போ பெயிண்டோ அடிக்க வேண்டாம். துறையினர் வந்து எழுத்தை மையிட்டுத் தாளில் படியெடுக்கும்வரை, மாட்டின் சிறுநீர் படாத இடத்தில், எழுத்துள்ள பக்கம் மேலாக, கோணி விரித்துக் கிடத்தி வையுங்கள். ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நான்கு கோணங்களில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். "பிரமாதி" என்ற சொல்லுக்கு முன்னால் தேய்ந்துபோன எழுத்துகள் சில இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள், அவை சக ஆண்டின் எண்களா என்று பார்க்க வேண்டும்.